பெட்சபுரியில் பின்பக்க அறை

அன்புள்ள சார்,

பெட்சபுரியில் ஆற்றோர விடுதி ஒன்றில் நாளுக்கு 600 பாத் கொடுத்துத் தங்கியதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் தாய்லாந்து போகிறோம்: அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். டிராவல்ஸ்காரர் பாங்காக், பட்டாயா என்று வழக்கமான பேக்கேஜ் கொடுத்திருக்கிறார். அதில் மூன்று இரவை பெட்சபுரிக்கு மாற்ற எனக்கு ஆசை. ஆனால் அவ்வளவு குறைந்த வாடகை என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள். குடும்பத்தோடு தங்குகிற மாதிரி இருக்குமா? அம்மாவுக்கு 68 வயது, சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. மூன்று நாளைக்கு அங்கே என்ன இருக்கிறது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

தாராளமாக மாற்றுங்கள். டிராவல்ஸ்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

முதலில் அந்த வாடகை. 600 பாத் என்றால் நம் காசுக்குச் சுமார் 1,600, 1,700 ரூபாய். நம் ஊரில் அந்தக் காசுக்கு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜ்தான் கிடைக்கும், வீட்டில் அதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பெட்சபுரி பாங்காக்கிலிருந்து தெற்கே போகிற வழியில் இருக்கிறது, கடற்கரை தேடி வருகிற கூட்டம் முழுக்க இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சா-ஆமுக்கும் ஹுவா ஹின்னுக்கும் போய்விடுகிறது. இறங்கித் தங்குகிறவர்கள் யாரென்றால், ஆபீஸ் வேலையாக வந்தவர்கள், கடை கடையாக ஆர்டர் எடுக்க வந்தவர்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்த குடும்பங்கள். அவர்கள் கொடுக்கிற வாடகையைத்தான் நானும் கொடுத்தேன். கட்டடம் சொந்தக் கட்டடம், கீழே அந்தக் குடும்பமே குடியிருக்கிறது, பேத்தி வரவேற்பு மேஜையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் பார்த்த சிறு நகரங்களில் இப்படிப்பட்ட வீட்டு விடுதிகள்தான் நல்ல விடுதிகள்.

அறையில் ஏசி, சின்ன ஃப்ரிட்ஜ், கொஞ்சம் கெட்டியான மெத்தை, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன, ஆனால் ஒரு கறைகூட இல்லாத வெள்ளை விரிப்பு. தினமும் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்துவிடுவார்கள். வெந்நீருக்கு ஹீட்டர் உண்டு. டாய்லெட்டில் உட்காரும் கோப்பை, பக்கத்திலேயே கையில் பிடித்து அடிக்கிற தண்ணீர்க் குழாய். நம் ஆட்களுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. குறை என்று சொன்னால், குளிக்கிற இடத்துக்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் தடுப்பு கிடையாது, குளித்தால் தரை முழுக்க ஈரம். அம்மாவுக்கு வழுக்காத செருப்பு ஒரு ஜோடி மறக்காமல் எடுத்து வையுங்கள். லிஃப்டும் கிடையாது, அதனால் கீழ்த்தள அறை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வாடகை அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை. நீங்கள் ஐந்து பேர் இரண்டு அறை எடுத்தால் 1,200 பாத்தில் முடிந்துவிடும்.

ஆனால் முதல் இரவு நான் தூங்கவே இல்லை. கொடுத்தது தெருப்பக்க அறை, நள்ளிரவு வரை பைக் சத்தம், அது அடங்கிக் கண் அசந்த நேரத்தில் நாலு மணிக்குச் சந்தைக்குப் போகிற வண்டிகள் தொடங்கிவிட்டன. விடிந்ததும் இறங்கி வந்தால், வாசலில் கம்பத்தின் மேல் சின்னக் கோயில் மாதிரி இருக்குமே, இடத்துக் காவல் தெய்வத்துக்கு வைக்கிற வீடு, அதன் முன்னால் விடுதிக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். சிவப்பு சோடா பாட்டில் ஒன்றைத் திறந்து, அதில் ஸ்ட்ரா போட்டு, சாமி குடிக்க வசதியாக ஸ்ட்ராவை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நான் தெருவைக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துத் தூக்கத்தைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் பலகையிலிருந்து வேறு சாவியை எடுத்து வந்தார். பின்பக்க அறை, அதே வாடகை. ஜன்னலைத் திறந்தால் ஆறு, எதிர்க்கரையில் ஒரு கோயிலின் ஓட்டுக்கூரை, தண்ணீரில் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு அவசரமே இல்லாமல் நீந்திப் போகிற ஓர் உடும்பு. அன்றிலிருந்து மூன்று இரவும் நான் தூங்கிய தூக்கம் வீட்டில்கூடக் கிடைக்காது.

அதனால் நான் சொல்வது, விடுதியைத் தேடுகிற அக்கறையில் பாதியையாவது அறையைக் கேட்டு வாங்குவதில் காட்டுங்கள். ஒரே விடுதி, ஒரே வாடகை, ஒரு பக்கம் நரகம், இன்னொரு பக்கம் ஆறு. பணம் கட்டுவதற்கு முன் 'கோ தூ ஹாங் நோய் க்ராப்' என்று கேளுங்கள், அறையைக் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று அர்த்தம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே போனதும் ஜன்னலைத் திறந்து எந்தப் பக்கம் என்று பாருங்கள், ஷவரைத் திருகிப் பாருங்கள், ஏசியை ஓடவிட்டு அதன் சத்தத்தைக் கேளுங்கள்.

சாவிக்கு 100, 200 பாத் முன்பணம் கேட்பார்கள், காலி செய்யும்போது திரும்பி வந்துவிடும். பாஸ்போர்ட்டை நகலெடுப்பார்கள்; வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், நகல் எடுத்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊருக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்துக்கு முன்னால் நீளமாகத் திரை போட்டிருக்கும் மோட்டல்கள் உண்டு, அவை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவை, குடும்பத்துக்கானவை இல்லை. அப்புறம் டிசம்பர் 5, 10, வருடக் கடைசி நாள் எல்லாம் அங்கே அரசு விடுமுறை. பாங்காக்கே கிளம்பித் தெற்கே வரும். அந்த நாட்களை ஒட்டிப் போகாதீர்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு 'ஜே' என்ற சொல் போதும், அங்கே சுத்த சைவத்துக்கு அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடை ஜே கடை, அங்கே முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். வேறு கடைகளில் எவ்வளவு சொன்னாலும் மீன் சாறு ஒரு சொட்டு விழுந்துவிடும், கைப்பழக்கம் அப்படி. அம்மாவை அந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம். பழம் எங்கும் கிடைக்கும். நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் 'காவ் சே' பாருங்கள்: மல்லிகை மணக்கிற குளிர்ந்த தண்ணீரில் சோறு, தொட்டுக்கொள்ள இறால் விழுதில் செய்த குட்டி உருண்டை, இனிப்பு முள்ளங்கி, இனிப்பான மீன். பார்த்தால் பழைய சோறு ஞாபகம் வரும், ஆனால் புளிப்பே இருக்காது.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மன்னர் மோங்குட் 1859, 60இல் கட்டிய மலை அரண்மனை இருக்கிறது, அவர் வானியலில் ஈடுபாடு கொண்டவர், நட்சத்திரம் பார்க்க அங்கே ஒரு கோபுரமும் கட்டினார். இழுவை ரயிலில் ஏறிவிடலாம், முழங்காலுக்குப் பெரிய தொல்லை இல்லை, ஆனால் குரங்குகள் பையைப் பறிக்கும், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வாட் யாய் சுவண்ணாராமில் அயுத்தியா காலத்துச் சுவரோவியங்கள், தேவர்கள் வரிசை வரிசையாகக் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள், பாதி அழிந்தும் அந்த முகங்கள் போகவில்லை. அங்கே அரை மணி நேரம் சும்மா தரையில் உட்காருங்கள். மற்றவற்றை அவசரமில்லாமல் பார்த்தால் போதும். வேனில் போகாமல் ரயிலில் போங்கள், சுமார் மூன்று மணி நேரம்தான், அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம்.

இந்த ஊரை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம் வேறொன்றால். பெட்சபுரி பனை ஊர். வயல் நடுவில், வரப்பு ஓரத்தில், கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை பனை. பெயரிலேயே வஜ்ரபுரி, அதாவது வைர ஊர், இருக்கிறது, ஆனால் வைரத்தைவிட அந்த ஊருக்குச் சோறு போட்டது பனைதான். இளங்காயின் தலையைச் சீவிக் குழம்பு வைக்கிறார்கள், பழச்சாற்றை மாவில் பிசைந்து ஆவியில் வேகவைத்து மஞ்சள் பணியாரம் செய்கிறார்கள், நுங்கைப் பாகில் போட்டு ஐஸோடு தருகிறார்கள், கருப்பட்டிக்கு உறவு மாதிரியான பனை வெல்லம் சந்தையில் குவிந்து கிடக்கிறது. மரத்தில் மூங்கில் ஏணி கட்டி ஏறுகிறார்கள், கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். புளிக்காமல் இருக்க நாம் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறோம் இல்லையா, அவர்கள் ஒரு மரத்தின் சீவலைக் குழாய்க்குள் போட்டுவிடுகிறார்கள். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஈரத்தில் ஊறிச் சிவந்துபோன சின்னச் சின்னத் துண்டுகள், லேசான துவர்ப்பு வாசனை.

பதநீர் கிடைத்தால் அம்மாவுக்கு முதலில் கொடுங்கள். சுண்ணாம்பு இல்லாத விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். குடித்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.