சிங்கப்பூரில் ஏழு மணி நேரம்: ஓவியத்துக்கு நிறம் தேட எங்கே போவது?

விமானம் மாறும் இடைவெளியில் ஏழு மணி நேரம் இருக்கிறது, ஓவியத்துக்கு நிறம் தேடக் குழந்தைகளோடு மூன்று இடம் போகலாமா, போன முறை எடுத்த படமெல்லாம் ஏன் வெளிறின என்று கேட்டிருந்தீர்கள். லிட்டில் இந்தியா ஒன்று போதும். ஏழு மணி நேரத்தில், இரண்டு குழந்தைகளோடு மூன்று இடம் வேண்டவே வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறி எக்ஸ்போ நிலையத்தில் மாறினால் நேரே அங்கே இறங்கலாம். கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டிய, டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீட்டைப் பாருங்கள். ஒரே ஜன்னல் கதவில் கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறும். பிள்ளைகளிடம் கிரேயான் டப்பாவைக் கொடுத்து அதே நிறத்தைத் தேடச் சொல்லுங்கள், அவ்வளவு ஆசையாகத் தேடுவார்கள்.

போன முறை படமெல்லாம் வெளிறிப்போனதற்குப் பெரும்பாலும் உச்சி வெயில்தான் காரணம். போன் திரையில் சுவர் தெரியும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அப்படியும் வெளிறினால் பூமாலைக் கடைகளின் நிழலுக்குப் போய்விடுங்கள்.

விசா விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.