கணவர் எந்த வேலையையும் தானாகத் தொடங்குவதில்லை, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மயோடோனிக் டிஸ்ட்ரோபி டைப் 1 இருக்கிறது. நன்றாக நடக்கிறார், பேசுகிறார். ஆனால் கரண்ட் பில் கட்டக்கூட நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. மதியமெல்லாம் சோபாவில் தூக்கம். சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். தசை நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. 19ஆம் குரோமோசோமில் உள்ள டிஎம்பிகே மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் நோய் இது. அதிலிருந்து உருவாகும் பிழையான ஆர்என்ஏ (மரபணுவின் நகல்), தசையைப் போலவே மூளையையும் பாதிக்கிறது. ஒரு வேலையைத் திட்டமிடுவது, தானாகத் தொடங்குவது, இரண்டும் தடுமாறும். போதாக்குறைக்கு முகத் தசையும் தளர்ந்திருக்கும். அக்கறை உள்ளே இருந்தாலும் முகத்தில் தெரியாது.

முதலில் இரவு மூச்சைக் கவனியுங்கள். மூச்சுத் தசை பலவீனமானால் தூக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். காலையில் தலைவலி, பகலில் மந்தம். நுரையீரல் மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். தேவைப்பட்டால், முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி தருவார்கள். தைராய்டு, மனச்சோர்வு இரண்டையும் பார்த்துவிடுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தரவே கூடாது, மூச்சை இன்னும் அடக்கிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகும் பகல் தூக்கம் விடவில்லையென்றால் விழிப்பாக வைக்கும் மொடாஃபினில் போன்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. இதயத்தைப் பரிசோதித்த பிறகே அதைத் தொடங்குவார்கள். டாக்டரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். தன் சிக்கல் தனக்கே தெரியாமல் போவதும் இந்த நோயில் உண்டு.

வீட்டில் "பில்லைக் கட்டிடுங்க" என்பது வேலைக்கு ஆகாது. பத்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போனை எடுங்க, பில்லைத் திறங்க" என்று தொடங்கிவையுங்கள். மீதியை அவரே முடிப்பார். பில்லை ஆட்டோ பேயில் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி, எல்லாவற்றையும் பயிற்சியாக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 255 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், அறிதல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சு சிகிச்சை) பெற்றவர்கள் அன்றாட வேலைகளில் கொஞ்சம் முன்னேறினார்கள். கொஞ்சம்தான், ஆனாலும் மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

அப்புறம், உங்கள் மாமியார். இந்த நோய் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. லேசாக இருந்தால் கண்புரை மட்டுமே வெளியே தெரியும். மாமனார், மாமியார் இருவரையும் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்த நோய் இதயத்தையும் பாதிக்கும் என்பதால் இசிஜியும் எடுத்துவிடுங்கள். சோம்பேறித்தனம் பற்றிய பேச்சுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.