இத்தாலிய மொழியாய்வில் துல்லியோ தெ மௌரோவின் இடம் என்ன?

1932-இல் நேப்பிள்ஸ் அருகே தோர்ரே அன்னுன்சியாத்தாவில் பிறந்த துல்லியோ தெ மௌரோ, இத்தாலிய மொழியின் வரலாற்றை இலக்கியவாதிகளைக் கொண்டு மட்டுமன்றி, அதைப் பேசிய, பேச இயலாதிருந்த மக்களைக் கொண்டும் எழுதியவர். அதுவே அவருடைய தலையாய பணி என்பது என் கருத்து.

1861-இல் நாடு ஒன்றிணைந்தபோது இத்தாலிய மொழி அறிந்தோர் சுமார் 2.5 விழுக்காட்டினரே என்று ‘ஒன்றுபட்ட இத்தாலியின் மொழி வரலாறு’ என்னும் 1963-ஆம் ஆண்டு நூலில் அவர் கணக்கிட்டார். ஏனையோர் வட்டார மொழிகளிலேயே வாழ்ந்தனர். பள்ளிக்கூடம், கட்டாய இராணுவச் சேவை, தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்தல், பின்னர் வானொலி, தொலைக்காட்சி ஆகியவை பொதுமொழியைப் பரப்பிய விதத்தை அவர் விளக்கினார். அந்த விழுக்காடு மிகக் குறைவு என்று இத்தாலிய மொழியியலாளர் அர்ரிகோ காஸ்தெல்லானி மறுத்தபோதிலும், விவாதத்தின் அடிப்படை தெ மௌரோ அமைத்ததே.

நவீன மொழியியலின் முன்னோடியான சுவிட்சர்லாந்து அறிஞர் சோசூரின் மொழியியல் நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்புக்குத் தெ மௌரோ 1967-இல் எழுதிய குறிப்புரைகள் பிரெஞ்சுப் பதிப்பிலும் இடம்பெற்றன. ரோமில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த அவர், 2000–2001-இல் கல்வி அமைச்சராகப் பணியாற்றி, 2017-இல் காலமானார்.