லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். யாங்கோனில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் வேதபாடக் குழுவை நடத்துகிறேன். மொத்தம் 11 பேர். மூன்று வருடமாக ஜனவரி 1 அன்று 'ஒரே ஆண்டில் முழு வேதாகமம்' அட்டவணையைக் கொடுத்துத் தொடங்குகிறோம். மூன்று வருடமும் பிப்ரவரியிலேயே முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள். எல்லாரும் பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளைகள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கும்போது எழுத்துக்கூட்டுவார்கள். இரண்டு பேரிடம் பர்மிய வேதாகமம்தான் இருக்கிறது. இராத்திரி கரண்ட் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2027க்கு மெக்செயின் அட்டவணையை எடுக்கலாம் என்கிறார் ஒரு தம்பி. காலவரிசைப்படி வாசிப்பதே நல்லது என்கிறார் இன்னொருவர். எதை எடுப்பது? முழு வேதாகமத்தையும் ஓராண்டில் முடிக்காதது விசுவாசக் குறைவா?

யாங்கோன் வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அது விசுவாசக் குறைவு இல்லை. வேதத்தில் எங்கும் ஓராண்டுக் கெடு கிடையாது. உங்கள் பிள்ளைகள் பிப்ரவரியில் விட்டதற்குக் காரணம் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புராட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. ஒரு நாளும் தவறாமல் வாசித்தால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வரும். வசனமாகச் சொன்னால் 85. ஆதியாகமத்திலிருந்து நேராகப் போனால் ஜனவரி 16 அளவில் யோசேப்பு இறந்துவிடுவார். 23ஆம் தேதி வாக்கில் யாத்திராகமம் 25க்கு வந்திருப்பீர்கள். அங்கிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், கொக்கிகள், திரைகள். 28ஆம் தேதி லேவியராகமம் தொடங்கும், பிப்ரவரி 5 அளவில் எண்ணாகமம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டையை எடுத்த சூட்டோடு தொடங்கியவர்கள், அந்தச் சூடு ஆறும் நேரத்தில் சரியாகக் குஷ்டரோகச் சட்டங்களுக்குள் நுழைகிறார்கள்.

எண்ணாகமம் 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 89 வசனங்கள். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கு ஒருவராக வந்து ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். 130 சேக்கல் எடையில் ஒரு வெள்ளித்தாலம், 70 சேக்கலில் ஒரு வெள்ளிக்கலம், 10 சேக்கலில் தூபவர்க்கம் நிறைந்த ஒரு பொன் கரண்டி. பெயர் மட்டும் மாறும், பட்டியல் மாறாது. தமிழைச் சரளமாக வாசிப்பவருக்கு அந்தத் திரும்பத் திரும்ப வருதலில் ஒரு தாளம் கேட்கும். எந்தக் கோத்திரமும் தாழ்ந்ததில்லை என்பது புரியும். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது ஒரே பத்தியைப் பன்னிரண்டு முறை சுமப்பது. ஆகவே ஓர் அட்டவணை உங்கள் குழுவுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஆதியாகமம் 1ஐக் கொடுக்காதீர்கள். அது எல்லாருக்கும் எளிது. எண்ணாகமம் 7ஐக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி, கடிகாரம் பாருங்கள். அந்த நேரம்தான் ஒரு கடினமான நாளின் உண்மையான அளவு.

அந்த அட்டவணையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 929 அதிகாரங்களை முடித்து மத்தேயு 1ஐத் திறக்கும்போது அக்டோபர் 13 ஆகியிருக்கும். தபசு காலம், பெரிய வெள்ளி, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே எல்லாம் சுவிசேஷத்தில் ஒரு பக்கமும் வாசிக்காமலே கடந்துவிடும். இளம் விசுவாசிகளுக்கு இது நல்லதல்ல என்று உறுதியாகவே சொல்வேன்.

மெக்செயின் அட்டவணை இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842இல் தன் சபைக்காகத் தயாரித்தது அது. மறு வருடமே, 29 வயதில், இறந்துபோனார். நாளுக்கு நான்கு இடத்தில் வாசிப்பு. ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. ஆண்டு முடியும்போது பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் அதில் இரண்டு பகுதி குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு என்று பிரித்துத்தான் வைத்தார். வீட்டில் குடும்ப ஜெபம் நடக்காத பிள்ளைக்கு நான்கும் ஒரே தலையில் விழும். மெக்செயினே இதன் ஆபத்துகளை எழுதி வைத்திருக்கிறார்: கடமைக்கு வாசிப்பது, வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாமல் ஓட்டுவது, சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. அந்தத் தம்பியின் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டென்றால் அவர் தாராளமாக எடுக்கட்டும். குழுவுக்கு வேண்டாம்.

காலவரிசை அட்டவணை இரண்டாம் முறை வாசிப்பவருக்குப் பொக்கிஷம். தாவீதின் பாவத்தை 2 சாமுவேல் 12இல் வாசித்த கையோடு சங்கீதம் 51 வரும். எஸ்றா 5இல் ஆகாயும் சகரியாவும் பேர் சொல்லப்படுகிற இடத்தில் அவர்களுடைய புத்தகங்களே வந்து நிற்கும். இராஜாக்களும் தீர்க்கதரிசிகளும் ஒருவரையொருவர் விளக்குவார்கள். முதல் முறை வாசிப்பவருக்கோ இராஜாக்களில் வந்த சம்பவமே நாளாகமத்தில் மறுபடி வந்து சோர்வு தட்டும். நான்கு சுவிசேஷங்களையும் துண்டு துண்டாக்கிக் கலப்பதால், மாற்கு ஒரே மூச்சில் கதை சொல்லும் வேகம் காணாமல் போகும்.

உங்கள் 11 பேருக்கு நான் சொல்வது: 2027இல் புதிய ஏற்பாடு மட்டும். வாரத்தில் 5 நாள், நாளுக்கு ஓர் அதிகாரம். 52 வாரத்துக்கு 260. சராசரி 31 வசனம்தான் வரும். சனியும் ஞாயிறும் காலி. அந்தக் காலி நாட்களை எக்காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். தவறவிட்ட பிள்ளை மூச்சு வாங்குவதற்கு அவைதான் இடம்.

மத்தேயு, மாற்கு, லூக்கா என்று அடுக்கி வாசித்தால் 68 அதிகாரம், பதினான்கு வாரம், ஒரே சம்பவங்கள் மூன்று முறை. அதனால் வரிசையை மாற்றுங்கள். ஜனவரி 1 வெள்ளிக்கிழமை லூக்கா 1. அதைத் தொடர்ந்து அதே ஆசிரியரின் அப்போஸ்தலர் நடபடிகள். மார்ச் 5 வரை போனால் அப்போஸ்தலர் 22க்கு வந்திருப்பீர்கள். அங்கே நிறுத்திவிட்டு, மார்ச் 8 திங்களன்று மாற்கு 1. இரண்டு வாரத்தில் பத்து அதிகாரம் முடியும். மார்ச் 21 குருத்தோலை ஞாயிறு. மறுநாள் திங்கள் மாற்கு 11, எருசலேம் பிரவேசம். பெரிய வியாழனுக்கு 14ஆம் அதிகாரம் வரும்: பஸ்கா விருந்து, கெத்செமனே. அது 72 வசனம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரிய வெள்ளிக்கு 15. மார்ச் 28 ஈஸ்டர் காலையில் 16; அந்த ஒரு ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. இதற்காக வேறெதையும் வளைக்க வேண்டியதில்லை, மாற்குவின் கடைசி ஆறு அதிகாரங்களே அப்படி அமைந்திருக்கின்றன. ஞாயிறு வாசகப் பட்டியலைப் பின்பற்றும் சபைகளிலும் 2027 மாற்கு சுவிசேஷத்தை வாசிக்கும் ஆண்டுதான். உங்கள் சபை அப்படிப்பட்டதானால் பிரசங்கமும் வாசிப்பும் கைகோத்துக்கொள்ளும்.

ஈஸ்டருக்கு மறுநாள் அப்போஸ்தலர் 23இல் விட்ட இடத்தைப் பிடித்தால் ஏப்ரல் 5இல் முடியும். ஏப்ரல் 12 முதல் 16 வரை திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) வாரம், ஊரே தண்ணீரில் இருக்கும். வாசிப்பு வைக்காதீர்கள். டிசம்பர் 20 முதலும் வேண்டாம், கேரல் பவனி முடித்து நள்ளிரவில் வீடு திரும்பும் பிள்ளை வேதத்தைத் திறக்காது. இப்படி மொத்தம் 15 நாள் போகும். அதை ஈடுகட்ட வழி இருக்கிறது. 1, 2 தெசலோனிக்கேயர், 1, 2 தீமோத்தேயு, தீத்து, பிலேமோன், 1, 2, 3 யோவான், யூதா ஆகியவற்றைக் கூட்டினால் 30 அதிகாரம். எதுவும் 30 வசனத்தைத் தொடாது. இவற்றை மட்டும் நாளுக்கு இரண்டாக வாசித்தால் 15 நாள் மீளும். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு வைக்காமல் செப்டம்பர், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு நிதானம் வேண்டும். கடைசியாக யோவான் சுவிசேஷம். அதன் 21 அதிகாரங்களை நவம்பர் 19இல் தொடங்கினால் டிசம்பர் 17இல் முடியும். மீதி நிருபங்களையும் மத்தேயுவையும் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவில் உங்கள் விருப்பம்போல வையுங்கள். இரண்டொரு நாள் மிச்சமும் இருக்கும்.

நாள் தவறினால் என்ன செய்வது? பெரும்பாலான குழுக்கள் உடைவது இங்கேதான். பத்து நாள் விட்டவர் பழைய அட்டவணையில் 33 அதிகாரம் கடன்பட்டிருப்பார். அதை ஒரு சனிக்கிழமை அடைக்கப் பார்த்து, முடியாமல், மொத்தமாக விட்டுவிடுவார். ஆகவே ஒரே விதி: இன்றைய தேதிக்குரிய அதிகாரத்தை வாசி. விட்டதைக் காலி நாளில் முடிந்தால் பார், முடியாவிட்டால் தாளில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் போ. கைப்பேசிக் குழுவில் தினமும் 'வாசித்தேன்' என்று கட்டைவிரல் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வாசிக்காதவர் முதல் வாரம் வெட்கப்படுவார், இரண்டாம் வாரம் பொய்யாகப் போடுவார், மூன்றாம் வாரம் குழுவை விட்டே போய்விடுவார். அதற்குப் பதிலாக, வாசித்தவர் மனதில் நின்ற ஒரு வசனத்தின் எண்ணை மட்டும் எழுதட்டும்.

வாசிப்பு வேறு, வேதபாடம் வேறு. ஐந்து அதிகாரத்தையும் கூட்டத்தில் விளக்கப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வரும் வாரத்தின் ஐந்தில் எந்த ஓர் அதிகாரத்தைப் படிக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பின்தங்கியவர் அந்த ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு வரலாம், கூச்சமில்லாமல் உட்காரலாம். கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து வசனமாகச் சத்தமாக வாசியுங்கள். பர்மிய வேதாகமம் வைத்திருக்கும் இருவரும் தங்கள் முறை வரும்போது பர்மியத்திலேயே வாசிக்கட்டும். அதிகாரக் கணக்கில் இந்த அட்டவணை இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். 1834இல் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் முடித்த அந்தப் பர்மிய மொழிபெயர்ப்பும் இந்த மண்ணின் சொத்து.

தமிழில் தடுக்குவது நீளம் மட்டுமல்ல, சொற்களும்தான். பழைய மொழிபெயர்ப்பின் நடை பத்தொன்பதாம் நூற்றாண்டு நடை. மாற்கு 2இல் வரும் 'திமிர்வாதக்காரன்' என்ற சொல்லில் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பகுதி 'திமிர்' மட்டும்தான். பக்கவாதத்தால் நடக்க முடியாதவன் என்று சொல்லாவிட்டால், நாலு பேர் கூரையைப் பிரித்துக் கீழே இறக்கியது எதற்கு என்றே விளங்காது. 'ஆயக்காரன்' வரி வசூலிப்பவன், 'உக்கிராணக்காரன்' எஜமானின் சொத்தை நிர்வகிப்பவன். வாரத்துக்கு எட்டுப் பத்துச் சொற்களைப் பொருளோடு முந்தைய ஞாயிறே எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதித் தடங்கல் தீரும்.

அட்டவணையைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஏ4 தாள், வேதாகமத்தின் பின்னட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். ஒலி வேதாகமம் கேட்பவர்கள் கரண்ட் இருக்கும்போதே அந்த வாரத்துக்கானதை இறக்கி வைத்துக்கொள்ளட்டும். காதால் கேட்டுக்கொண்டே விரலால் வரியைத் தொடர்வதுபோல் வாசிப்பு வேகத்தைக் கூட்டும் பயிற்சி வேறில்லை. வாசிக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

பழைய ஏற்பாட்டை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு அதிகாரம், வாரத்தில் 5 நாள் என்றால் 929க்கு 93 வாரம். 2028இல் தொடங்கினால் 2029 முடிவதற்குள், 11 வாரம் காலி விட்டே, முடிந்துவிடும். அதற்குள் பிள்ளைகளின் தமிழும் ஓடத் தொடங்கியிருக்கும். எண்ணாகமம் 7ஐ அப்போது கொடுங்கள்.

ஜனவரிக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். நவம்பர் 16 முதல் 27 வரை, பத்து வார நாட்கள். ரூத் 4, யோனா 4, ஆகாய் 2, சரியாகப் பத்து அதிகாரம். ஒவ்வொருவரும் வாசித்த நாளையும் ஆன நிமிடங்களையும் ஒரு துண்டுத் தாளில், பெயர் எழுதாமல், குறித்து 29ஆம் தேதி ஞாயிறன்று உங்களிடம் தரட்டும். ஆறு பேராவது ஏழு நாள் வாசித்திருந்தால் மேலே சொன்ன அட்டவணையில் இறங்கலாம். இல்லையென்றால் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்து லூக்கா, அப்போஸ்தலர், மாற்கு, யோவான், ரோமர், பிலிப்பியர், யாக்கோபு மட்டும் எடுங்கள். 114 அதிகாரம், 38 வாரம். அந்தத் தாள்களின் கணக்கை எழுதி அனுப்பினால், நாள்வாரி அட்டவணையை நானே போட்டுத் தருகிறேன்.