வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ்: குழந்தை குழம்பிவிடுமா?

குழம்பாது. நானும் ஓசூர்ப் பக்கம் இப்படி வளர்ந்தவன்தான். இரு மொழி மூளைக்கு நல்லதா, கெட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளை இரண்டு மொழியையும் கலந்து பேசினால் பெற்றோர் பதறிவிடுகிறார்கள். ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளைகூடப் பாட்டியிடம் தெலுங்கிலும் பக்கத்து வீட்டு அக்காவிடம் தமிழிலும் பேசும். ஆள் பார்த்து மொழி மாற்றத் தெரிந்த பிள்ளைக்குக் குழப்பம் என்ன?

இரு மொழி அறிவை மழுங்கடிக்கும் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களே நம்பினார்கள். 1962-இல் கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்துப் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் இருமொழிப் பிள்ளைகளே மேலாக இருந்தார்கள். அப்புறம் பேச்சு மறுபக்கம் சாய்ந்து, இரு மொழி தெரிந்தால் கவனமே கூடும் என்றார்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது ஹைதராபாத் ஆய்வு. மறதிநோய் வந்த 648 பேரைப் பற்றி நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு 2013-இல் வெளியிட்டது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரு மொழிக்காரர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. அதனால் இதைப் படிப்பின் பலன் என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் ஊரில் பூ விற்கும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. கன்னடத்தில் விலை கேட்டவரிடம் பேரம் முடித்து, முழம் போட்டுக்கொண்டே அடுத்தவரிடம் தமிழில் பேசுவார், உள்ளே மகளைத் தெலுங்கில் அதட்டுவார். இதை யாரும் திறமை என்று சொல்வதில்லை. நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் மட்டும் கெட்டிக்காரன். இது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். பாட்டி தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். அடுத்த தலைமுறைக்குப் பாட்டி பேசுவதே புரியாமல் போகிறது. வீட்டு மொழிக்குப் பள்ளியும் இல்லை, எழுத்தும் இல்லை என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அதனால் வீட்டில் தெலுங்கை நிறுத்தாதீர்கள். பேச்சு தாமதமாவதாகத் தோன்றினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். இரண்டு மொழியிலும் சேர்த்துப் பிள்ளைக்கு எத்தனை சொல் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் மட்டும் எண்ணினால் கணக்கு குறைவாகத்தான் வரும்.