தேர்ந்த வயலின் கலைஞர், கற்கத் தொடங்கியவர்: இருவரின் தசை மின்சமிக்ஞையும் ஒரே மாதிரி வருவது ஏன்?

நீங்கள் ஆய்வேடு எழுதும் மாணவராகத்தான் இருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகிறது, இரு குழுவுக்கும் சராசரி ஒன்றாகவே வருகிறது, வழிகாட்டி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நானும் அங்கே நின்றவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் அளந்ததும் வில் பிடிக்கும் கையைத்தான்; தசை இயங்கும்போது எழும் மின்சமிக்ஞையைத் தோலில் ஒட்டிய மின்முனைகள் வழியே பதிவுசெய்தேன். வில்லை மேலே தள்ளும்போது முழங்கை மடங்கும். மேற்கையின் முன்பக்கத்து இருதலைத் தசை வேலை செய்யும். கீழே இழுக்கும்போது முழங்கை நீளும்; அது பின்பக்கத்து முத்தலைத் தசையின் முறை. இருபது ஆண்டு வாசித்தவர் ஒருவர், இரண்டு ஆண்டு கற்றவர் ஒருவர். இருவருக்கும் ஒரே இசைப் பகுதி, நொடிக்கு நான்கு வீச்சு. சராசரி கிட்டத்தட்ட சமமாக வந்தது. 'வேறுபாடு இல்லை' என்று முடிவுரையே எழுதிவிட்டேன். ஆனால் பதிவின்போது கூடவே இருந்து கேட்டவன் நான். கற்பவரின் வில் ஒவ்வொரு திருப்பத்திலும் தந்தியில் இடறியது. காது கேட்டதைக் கணக்கு மறுத்தது.

ஓர் இரவு எல்லா வரைபடங்களையும் மூடிவிட்டு மூலச் சமிக்ஞையை மட்டும் திறந்தேன். தேர்ந்தவரின் இருதலைத் தசையில் ஏறத்தாழ 100 மில்லிநொடிக்குக் கோடுகள் அடர்ந்து எழுந்தன; பிறகு தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. அடுத்த தள்ளல் வரை அசைவில்லை. கற்பவரிடம் அந்த ஓய்வே இல்லை. இரண்டு தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்தபடி, நடுத்தர அளவில் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தன. உயரமாகச் சிறிது நேரம், தாழ்வாக வெகு நேரம்: சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால், சமிக்ஞையை முழுக்க நேர்மறையாக்கி அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும்படி மென்மையாக்கிய வளைகோட்டிலாவது இது தெரிந்திருக்க வேண்டாமா? அங்கேதான் என் தவறு. நடையைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பார்த்து 3 ஹெர்ட்ஸ் வடிகட்டியை, அதாவது நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஆடுவதை நீக்கிவிடும் வடிகட்டியை, அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நடையில் ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ ஒரு நொடி. இங்கே தள்ளலும் இழுப்பும் சேர்ந்தே அரை நொடிதான். எழுச்சியை இருபுறமும் பரப்பி, நடுவிலிருந்த ஓய்வை வடிகட்டி நிரப்பிவிட்டது. 15 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதும் பள்ளங்கள் திரும்பி வந்தன. வடிகட்டியை முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டுங்கள். ஒருமுறை மட்டும் ஓட்டினால் எழுச்சி தாமதமாகத் தள்ளிப்போகும்.

வேகம் மாறிய வீச்சுகளின் கால அளவை எல்லாம் 100 சதவீதமாக நீட்டிச் சுருக்கி ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மின்சமிக்ஞைக்கும் விசைக்கும் இடையே சில பத்து மில்லிநொடி தாமதம் உண்டு. 250 மில்லிநொடி வீச்சில் 50 மில்லிநொடி என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நொடி இழுக்கும் வீச்சில் அதுவே இருபதில் ஒரு பங்கு. வேகவாரியாகப் பிரித்துவிட்டு அடுக்குங்கள். முழங்கை மடங்கும்போது தசை தோலுக்கு அடியில் மின்முனையைவிட்டு நகர்வதால், சமிக்ஞையின் உயரத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து.

வடிகட்டவே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். மூலச் சமிக்ஞையில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மின்முனைக் கம்பி ஆடிய அசைவு கலந்திருக்கும். அதை மென்மையாக்கும் முன்பே நீக்கத்தான் வேண்டும். இரண்டே பேரை வைத்துப் பேசுகிறேன் என்பவர்களுக்கும் ஒன்று: பிறகு ஆய்வில் பங்கேற்ற மற்றவர்களின் பதிவுகளையும் மறுபடி ஓட்டினேன். தேர்ந்தவர்களில் ஒருவரிடம் மட்டும் இந்த ஓய்வு தெளிவாக இல்லை. அதையும் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதினேன்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் முடி மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, மின்முனைகளை 20 மில்லிமீட்டர் இடைவெளியில் தசை இழைகள் போகும் திசை பார்த்து ஒட்டியவர் ஆய்வகத் தொழில்நுட்பர். அவர் வேலை சுத்தமாக இல்லாதிருந்தால் எனக்கு அந்தப் பள்ளங்கள் தெரிந்தே இருக்காது. கட்டுரை அச்சானபோது அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள். இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளாகியும் அது ஆறவில்லை. உங்கள் பதிவுகளை எடுத்துத் தருபவர் யாரோ, அவர் பெயரை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவரின் நான்கு வீச்சுகளை, மென்மையாக்காமல், இரண்டு தசைகளையும் மேலும் கீழுமாக வைத்துப் படமாகப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.