ஈஆர்பி கேள்வி-பதில்: மென்பொருளுக்கு முன்னால் வேலைமுறை

கேள்வி: நடக்கும் வேலைமுறையை அப்படியே ஈஆர்பிக்குள் (கணக்கு, கொள்முதல், சரக்கிருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் நிறுவன மென்பொருள்) கொண்டுவந்துவிடலாம், சீர்திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் மேலாளர். சரிதானா?

பதில்: எனக்குச் சம்மதமில்லை. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதே இல்லை. மென்பொருள் ஓடத் தொடங்கும்போது பட்ஜெட் தீர்ந்திருக்கும், குழு கலைந்திருக்கும்.

ஃபோர்டு கார் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 1990-இல் நிர்வாகவியல் அறிஞர் மைக்கேல் ஹேமர் எழுதியதால் பிரபலமானது. 1980-களின் தொடக்கத்தில் அதன் வட அமெரிக்கக் கிளையில் சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கணினியைக் கொண்டுவந்தால் 20 சதவீதம் குறைக்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் ஜப்பானின் மஸ்டா கார் நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் 5 பேர். மஸ்டா சிறிய நிறுவனம்தான், அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

ஃபோர்டில் நேரம் எங்கே போனது? பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாத இடங்களைத் துருவிக்கொண்டிருப்பதில். அதனால் இன்வாய்ஸையே எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்ததும் இறக்குமிடத்திலேயே ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் பணம் தானாகப் போகும், பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். முன்பு 14 விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். புதிய முறையில் பாகத்தின் எண், அளவு அலகு, சப்ளையர் குறியீடு ஆகிய மூன்றே போதும். ஆட்கள் தேவை 75 சதவீதம் குறைந்தது. பழைய முறையை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால், அதே துருவல் திரையில் நடந்துகொண்டிருக்கும்.

கேள்வி: 'ஸ்டாண்டர்டாகவே வைத்துக்கொள்ளுங்கள்', அதாவது மென்பொருள் வந்தபடியே இருக்கட்டும், என்கிறார் கன்சல்டன்ட். 'எங்கள் தொழில் வேறு மாதிரி' என்கிறார்கள் எங்கள் ஆட்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு மாற்றக் கோரிக்கையையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். இது இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குத் தெரியுமா? சட்டம் இதைக் கேட்கிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் ஸ்டாண்டர்டே போதும். விடுப்பு விண்ணப்பம், பயணப்படி, கணக்குப் பேரேடு போன்றவற்றில் தனித்தன்மை காட்டி யாருக்கும் லாபமில்லை.

ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் குழுமம் சுமார் 50 கோடி யூரோ செலவானதாகச் சொல்லப்பட்ட எஸ்ஏபி (பிரபலமான ஈஆர்பி மென்பொருள்) திட்டத்தை 2018-இல் கைவிட்டது. சரக்கிருப்பை விற்பனை விலையில் மதிப்பிடுவது மென்பொருளின் வழக்கம். லிடில் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுப் பழகியது, அதை மாற்றவும் விரும்பவில்லை. தோல்விக்குப் பெரிய காரணங்களில் ஒன்றாக இதைத்தான் சொன்னார்கள். தன் முறைதான் வேண்டும் என்று நிற்பதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்டாண்டர்டுக்கு மேல் நீங்களாகச் சேர்த்த ஒவ்வொரு நிரலையும் ஒவ்வொரு அப்கிரேடிலும் மறுபடி சோதிக்க வேண்டும். எஸ்ஏபியின் ஈசிசி என்ற பழைய பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. சொந்த நிரல் மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்குப் புதிய பதிப்புக்கு மாறுவதுதான் பெரிய தலைவலி.

கேள்வி: ஒரு கொள்முதலுக்கு 6 பேரின் அப்ரூவல் வேண்டும். எல்லாவற்றையும் மென்பொருளில் வைக்க வேண்டுமா?

பதில்: கடந்த ஓராண்டில் யார் எத்தனை முறை மறுத்தார்கள் என்று எண்ணுங்கள். ஒருமுறைகூட மறுக்காதவரின் கையெழுத்து வெறும் தாமதம். தொகைக்கு ஏற்ப வரம்பு வையுங்கள். ஆனால் சப்ளையரைப் பதிவு செய்பவரும் அவருக்குப் பணம் விடுவிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் இதை மட்டும் தளர்த்தாதீர்கள்.

கேள்வி: கோ-லைவை, அதாவது புதிய மென்பொருளில் நிஜ வேலையைத் தொடங்கும் நாளை, எப்போது வைக்கலாம்?

பதில்: விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களை ஒட்டி வேண்டவே வேண்டாம். சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 48 மாத வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில் புதிய அமைப்புக்கு மாறியது. அமெரிக்காவில் அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான சாக்லேட் ஆர்டர்கள் குவிந்தன. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

கேள்வி: கோ-லைவ் முடிந்து பல மாதங்கள் ஆகின்றன. இன்னும் எல்லோரும் எக்செலில்தான் வேலை செய்கிறார்கள். தடை போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த எக்செல் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பாதி அளவு சரக்கு வந்தால் என்ன செய்வது, அவசர ஆர்டரை யார் முன்னே தள்ளுவது போன்ற, வடிவமைப்பில் விட்டுப்போன விதிவிலக்குகள் அங்கேதான் இருக்கும். சில சமயம் காரணம் மாஸ்டர் டேட்டாவாக, அதாவது பொருள், சப்ளையர் போன்ற அடிப்படை விவரப் பட்டியலாக, இருக்கும். ஒரே பொருளுக்கு மூன்று குறியீடுகள் இருந்தால் இருப்புக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள், தனியாக எழுதிவைக்கத் தொடங்குவார்கள்.

வேலைமுறையை வரைந்த கூட்டத்தில் கிடங்கு ஆட்களும் பில் போடுபவர்களும் இருந்தார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் இப்போது அவர்களோடு உட்காருங்கள். அதிகம் புழங்கும் கோப்பை முதலில் எடுத்து, அது செய்யும் வேலையை அமைப்புக்குள் கொண்டுவாருங்கள். அப்புறம் அடுத்த கோப்பு.